முதலிலை கடைசிக்குப் போவம்

அவருடைய பெயரை எழுதினால் எங்கள் வாய்க்காலில் யாருக்கும் ஆள் பிடிபடாது. வட்டவிதானையார் என்றால்தான் தெரியும். குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவருக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து முரசுமோட்டைக்குக் குடிவந்து வயல் செய்யத் தொடங்கிய கொஞ்சக் காலத்தில் அரசாங்கம் புதுச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து அந்தப் பதவியை எடுத்துவிட்டது. பதவி போனதே தவிரப் பெயர் போகவில்லை. வேலையும் போகவில்லை. புதிதாக அமைந்த குழுவுக்கும் அவரையே தலைவராக்கிவிட்டு எல்லாரும் தங்கள் தங்கள் வயலைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பார்வைக்கு ஒரு விசேஷமும் இல்லாத மனிதர். கட்டையான உடம்பு, அகன்ற பாதம், வெயிலில் செம்பட்டை ஏறிய தலை. எங்கே போனாலும் தோளில் மண்வெட்டி இருக்கும். கோயிலுக்குப் போனால் மட்டும் வெளியே சாத்தி வைப்பார். அவரிடம் இருந்த ஒரே விசித்திரம், கதைக்கும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார் என்பதுதான். நமக்குப் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டு கதைப்பார். முதன்முறை அவரைச் சந்திக்கிறவர்கள் எல்லாரும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்கள், பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று. நானும் பார்த்திருக்கிறேன்.

குளத்தில் இருந்து வருகிற பெரிய வாய்க்காலில் எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் பிரிகிற கதவைத் துருசு என்போம். துருசை அடுத்த முதல் வயல் வட்டவிதானையாருடையது. கடைசி வயல் கணபதியண்ணையுடையது. இரண்டுக்கும் இடையில் ஒரு மைல் நீளத்துக்கு மற்ற எல்லாரும் இருந்தோம். இப்படியான வாய்க்கால்களில் வழக்கமாக நடப்பது எல்லாருக்கும் தெரியும். முதல் வயல்காரனின் வரம்பு தெறிக்கத் தண்ணீர் நிற்கும், கடைசி வயல்காரன் நீர்ப்பாசன ஓவசியரின் வீட்டு வாசலில் நிற்பான். வட்டவிதானையார் இதைத் தலைகீழாக்கி வைத்திருந்தார். தண்ணீர் திறக்கிற நாளில் எல்லா வயல்களின் மடைப் பலகையும் மூடியிருக்கவேண்டும். தண்ணீர் நேரே கடைசிக்குப் போகும். போய்ச் சேர்ந்ததும் கணபதியண்ணை 'வந்திட்டுது' என்று கூவுவார். அதைக் கேட்டுப் பக்கத்து வயல்காரர் கூவுவார். அப்படியே அந்தக் குரல் வயலுக்கு வயல் ஏறித் துருசடிக்கு வரும். எல்லாருடைய மடையும் திறந்து முடிந்த பிறகுதான் வட்டவிதானையார் எழும்பித் தன்னுடைய பலகையைத் தூக்குவார்.

கூட்டத்திலும் அதே ஒழுங்குதான். எந்தக் கதை தொடங்கினாலும், "முதலிலை கடைசிக்குப் போவம்" என்பார். கணபதியண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்புவார். அவருக்கு அதில் ஒரு பெருமை. விதை நெல்லில் இருந்து வாசிகசாலைக்கு எந்தப் பேப்பர் எடுப்பது என்பது வரைக்கும் முதல் அபிப்பிராயம் அவருடையதுதான். எங்கள் வயல் வாய்க்காலின் நடுவில் இருந்தபடியால் எங்களுக்கு இந்த ஒழுங்கில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இருந்து வேடிக்கை பார்க்கிற வசதி மட்டும் தாராளமாக இருந்தது.

பார்த்த வேடிக்கைகளில் பெரியது அவருடைய மகளின் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் பருத்தித்துறைப் பக்கம். சால்வையும் மூக்குக் கண்ணாடியுமாக முன்வரிசையில் இருந்தார்கள். சோற்றுக் கடகத்தோடு போன பொடியன்களை வட்டவிதானையார் மறித்துக் கடைசி வரிசையில் இருந்து தொடங்கச் சொல்லிவிட்டார். கடைசி வரிசையில் இருந்தவர்கள் வண்டிக்காரரும் பந்தல் போட்டவர்களும். அவர்கள் பாயாசம் உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது, முன்வரிசையில் வெறும் வாழை இலை. சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார், திரும்பவும் கழற்றித் துடைத்தார். கடைசியில், எங்களுக்கும் ஏதும் மிஞ்சுமோ என்று கேட்டே விட்டார். வட்டவிதானையாருக்கு அதில் இருந்த குத்தல் விளங்கவில்லை.

"கடைசி ஆளுக்குக் கிடைச்சால் முதல் ஆளுக்குக் கட்டாயம் கிடைக்கும். மற்றப் பக்கத்தாலை தொடங்கினால் அந்த உறுதி இல்லைப் பாருங்கோ" என்றார், சம்பந்திக்குப் பின்னால் இருந்த பந்தற்காலைப் பார்த்துக்கொண்டு.

கலியாணம் குழம்பாமல் தப்பியது அவருடைய மனைவியின் சாமர்த்தியத்தால். அவா முன்வரிசைக்கு மோரும் வாழைப்பழமும் அனுப்பிச் சம்பந்தியின் வாயை மூடி வைத்தா. அன்றைக்குப் பந்தி எல்லாம் முடிந்து, குசினியில் அடிச்சட்டியை வழித்துக்கொண்டிருந்தபோது அவா எனக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஊருக்கெல்லாம் கடைசி ஆளைப் பாக்கிறார். இந்த வீட்டிலை கடைசியாச் சாப்பிடுறது ஆர் எண்டு ஒருநாளும் கேட்டதில்லை, ரீச்சர்." சிரித்துக்கொண்டுதான் சொன்னா. நானும் சிரித்தேன். அதற்குள் ஒரு சங்கதி இருக்கிறதென்று அப்போது எனக்குப் படவில்லை.

எங்களிடம் ஒரு தொண்டர் சபை இருந்தது. வாசிகசாலையை நடத்துவது, மழைக்கு முந்தி வாய்க்கால்களைத் துப்புரவாக்குவது, வெள்ளம் வந்தால் சமைத்துக் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. சம்பளம் இல்லை, சண்டை மட்டும் உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தேன். என் எழுத்து வடிவானது என்று சொல்லி என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். பெண்பிள்ளை வேறு யாரும் சபையில் இல்லாததால் தேத்தண்ணி ஊற்றவும் ஆள் கிடைத்தது என்று நினைத்திருப்பார்கள். முதல் கூட்டத்திலேயே எனக்குத் தேத்தண்ணி ஊற்றத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மீரா காக்கா தன் கடையில் இருந்தே கொண்டுவந்தார். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முல்லைத்தீவு முஸ்லிம் மனிதர் அவர். எங்கள் சபையில் நிதானமாகக் கதைக்கத் தெரிந்த ஒரே ஆள்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு நாள் வானொலியில் அந்தச் செய்தி வந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக வேலை செய்த தமிழ்ச் சனத்துக்கு அதற்கு முன்னமே பிரசாவுரிமை இல்லாமற் போயிருந்தது. இப்போது இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் டெல்லியில் இருந்து கதைத்து, இவ்வளவு பேர் உங்களுக்கு, இவ்வளவு பேர் எங்களுக்கு, மிச்சப் பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். நல்ல இராசதந்திரம், அயல்நாட்டு நட்பு வளர்ந்தது என்று பேப்பர்கள் எழுதின.

எங்கள் பள்ளிக்கூடத்து நடராசா மாஸ்டருக்கு அன்றிரவு நித்திரை வந்திராது. அடுத்த கூட்டத்துக்கே ஓர் அறிக்கையை எழுதிக்கொண்டு வந்தார். இளம் ஆள், நல்ல குரல், கோபம் வந்தால் மேசையில் குத்துவார். தொண்டர் சபையின் பெயரில் இரண்டு பிரதமர்களுக்கும் பேப்பர்களுக்கும் உலக நாடுகளின் சபைக்கும் அதை அனுப்பவேண்டும் என்றார். உலக நாடுகள் எல்லாம் ஒப்புக்கொண்ட மனித உரிமை இங்கே மீறப்பட்டிருக்கிறது என்பது அவருடைய வாதம்.

வழக்கப்படி கணபதியண்ணை முதலில் எழும்பினார். இந்த விஷயத்தில் எங்களுக்கும் கவலை உண்டு, அந்தச் சனம் போய்விட்டால் எங்கள் வயலில் நெல் வெட்டுவது யார் என்று கேட்டார். மனதில் இருந்ததைத்தான் சொன்னார், பாவம். மாஸ்டர் மேசையில் குத்தினார். ஆளைப் பற்றிக் கதைக்கும்போது ஆளின் கையை மட்டும் பார்க்கிறீர் என்றார். அதற்குப் பிறகு கூட்டம் மழையோடு சேர்ந்து இரைந்தது.

அடுத்தடுத்த கூட்டங்களும் அப்படியே போயின. 'கண்டிக்கிறோம்' என்று எழுதுவதா 'கவலையடைகிறோம்' என்று எழுதுவதா என்பதில் ஒரு பின்னேரம் முழுக்கக் கழிந்தது. வயல் செய்கிறவர்கள் இரண்டு நாடுகளுக்குப் புத்தி சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். சொன்னால் எங்கள் காணி உறுதிக்கு அரசாங்கக் கச்சேரியில் இடைஞ்சல் வருமோ என்று வேறு சிலருக்குப் பயம். மாஸ்டர் விடவில்லை. "ரெண்டு நாடும் ஒத்துப்போனது நல்லது எண்டு எல்லாரும் எழுதுகினம். ஆருடைய தலையிலை கையை வைச்சு ஒத்துப்போனவை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அதைக் கேக்கிறதுக்குப் பெரிய ஆக்கள் வேணுமோ?" என்றார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. மீரா காக்கா மட்டும் தேத்தண்ணிக் குவளையை உருட்டிக்கொண்டு, கடுதாசி எங்கள் பெயரில் போகும், மறுமொழி அந்தச் சனத்தின் தலையில் விழும், அதையும் யோசியுங்கோ என்றார்.

வட்டவிதானையார் இவ்வளவு கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. வாங்கின் நுனியில் இருந்துகொண்டு, மண்வெட்டிப் பிடியில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள், கணபதியண்ணை திரும்பவும் முதல் ஆளாக எழும்பியபோது கையைக் காட்டி நிற்பாட்டினார்.

"கணபதி, நீ ஏன் முதல் கதைக்கிறாய்?"

"நான்தானே கடைசி வயல்காரன்."

"தண்ணிக்கு நீ கடைசி. இந்தக் கதைக்கு ஆர் கடைசி?"

 பதில் எல்லாருக்கும் தெரியும். கணபதியண்ணையின் வயலுக்கு அப்பால், எங்கள் வயல்களில் வடிகிற தண்ணீர் போகிற கழிவு வாய்க்கால் ஒன்று இருந்தது. அதன் கரையில் சில குடிசைகள். கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து இறங்கி வந்த குடும்பங்கள். எங்கள் எல்லாருடைய வயலிலும் அவர்கள்தான் களை பிடுங்கினார்கள், நெல் வெட்டினார்கள். சின்னச்சாமியை எல்லாருக்கும் தெரியும். அவருடைய மனைவி ராக்கம்மாவை என் வீட்டுக் கிடுகு வேலி அடைக்க நானே கூப்பிட்டிருக்கிறேன். அந்தச் சனத்தைப் பற்றித்தான் இவ்வளவு நாளும் கதைத்துக்கொண்டிருந்தோம் என்பது, அவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

"முதலிலை கடைசிக்குப் போவம்" என்றார் வட்டவிதானையார்.

சின்னச்சாமியை வாசிகசாலைக்குக் கூப்பிட்டோம். வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியில் நின்றார். மாஸ்டர் அறிக்கையை வாசித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெரியவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கேட்டாகிவிட்டது, இனி அனுப்பலாம் என்றார்கள் எல்லாரும். வட்டவிதானையார் எழும்பி மண்வெட்டியை எடுத்தார்.

"தண்ணிக் கூட்டத்தைத் துருசடியிலை வைச்சால் கடைசி வயல்காரன் வாய் திறக்கமாட்டான். நாங்கள் அங்கை போவம்."

ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம் போனோம். வரம்பெல்லாம் சேறு. மாஸ்டர் அறிக்கையைக் குடைக்குள் வைத்துக் குழந்தையைக் கொண்டுபோகிறவர் போலக் கொண்டுவந்தார். குடிசைகளுக்கு முன்னால் சாக்கை விரித்து இருக்கச் சொன்னார்கள். ராக்கம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கணபதியண்ணை இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றார். இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் திடீரென்று தாகம் இல்லாமற் போய்விட்டது. மீரா காக்கா முதலில் எடுத்தார், பிறகு வட்டவிதானையார் எடுத்தார், நானும் எடுத்தேன். சாதி என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

மாஸ்டர் வாசித்தார். நல்ல தமிழ், மேடைத் தமிழ். ராக்கம்மாவுக்கு அதில் பாதி விளங்கவில்லை. இரண்டு அரசாங்கமும் உங்களைக் கேட்காமல் பங்கிட்டது பிழை, எந்த நாட்டில் இருக்க விருப்பம் என்று உங்களைத்தான் கேட்டிருக்கவேண்டும், அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று மாஸ்டர் விளக்கினார். அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். சின்னச்சாமி வேண்டாம் என்பதுபோல அவளைப் பார்த்தார். அவள் அதைக் காணாத மாதிரி வட்டவிதானையாரின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு ராசாங்கமும் கேக்கலேன்னு எழுதியிருக்கீங்க. அது நெசந்தாங்க. ஆனா ஐயா, போன வருசம் இந்த வாய்க்கால வெட்டுறதுக்கு நீங்க எல்லாரும் மம்பட்டியோட வந்தீங்க. குடிசையப் பிரிச்சு அந்தாண்ட தள்ளிப் போடுன்னீங்க. அப்பவும் எங்கள யாரும் கேக்கலீங்க."

குரலில் கோபம் இல்லை. உப்புக் குறைந்த கறியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். எங்களுக்குத்தான் நிலம் நழுவியது. அந்தச் சிரமதானத்தின் படம் வாசிகசாலைச் சுவரில் தொங்குகிறது. எல்லாரும் மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறோம். கழிவு வாய்க்கால் சரியாக ஓடாவிட்டால் கடைசி வயலில் வெள்ளம் நிற்கும், கணபதிக்குப் பயிர் அழுகும் என்று வட்டவிதானையார்தான் அந்த வேலையைத் தொடக்கினார். கடைசி ஆளுக்காகச் செய்த வேலை. கரையில் இருந்த குடிசைகள் இடைஞ்சல் என்று சொல்லிப் பிரிக்கவைத்ததும் அவர்தான். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. புதுக் குடிசைகளுக்குக் கூரை வேயுமுன் வந்துவிட்டது. சாக்கைப் போர்த்துக்கொண்டு அந்த மாரியைக் கழித்தார்கள் என்று ராக்கம்மா சொன்னபிறகுதான் எனக்குத் தெரியும். அந்த மாரியிலும் அவள் என் வேலியை அடைத்துக் கொடுத்திருக்கிறாள்.

எல்லாரும் வட்டவிதானையாரைப் பார்த்தோம். அவர் ராக்கம்மாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் அல்ல, அவளுடைய முகத்தை. அவர் ஒருவரின் முகத்தை அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன்னம் கண்டதில்லை.  கணபதியண்ணையின் வரம்போடு உலகம் முடிகிறது என்று இத்தனை காலமும் நினைத்திருந்த மனிதருக்கு, அதற்கு அப்பாலும் ஆள் இருக்கிறது என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் கடைசியைப் பற்றி நாங்கள் வாய் கிழியக் கதைத்ததில்லை, அவர் கதைத்திருந்தார். அதனால் அவருக்கு வலித்தது.

"இப்ப கேக்கிறன், பிள்ளை. எங்கை இருக்க விருப்பம்?"

"எனக்கு இந்தியா தெரியாதுங்க. எங்கப்பாவுக்கே தெரியாது. அனுப்பிச்சா அங்கேயும் ஒரு வாய்க்கால் கரைதான் கெடைக்கும், அங்கேயும் தள்ளிப் போடுன்னுதான் சொல்லுவாங்க. இந்தக் கரையிலயே இருக்கணுங்க. எந்திரின்னு யாரும் சொல்லக்கூடாது. அத எழுதுவீங்களா?"

வட்டவிதானையார் என்னிடம் எழுதச் சொன்னார். அவள் சொன்னதை முதலில் எழுத வைத்தார். அதற்குக் கீழே, இந்த மக்களின் குடிசைகளை அகற்றியபோது நாங்களும் அவர்களைக் கேட்கவில்லை, அது எங்கள் பிழை என்று எழுத வைத்தார். அதற்குப் பிறகு மாஸ்டரின் அறிக்கை வரலாம் என்றார்.

மாஸ்டர் துள்ளி எழும்பினார். பிரதமர்களுக்கும் உலகத்துக்கும் அனுப்புகிற அறிக்கையில் கழிவு வாய்க்காலைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள், நாங்களே எங்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டு யாரைக் கண்டிப்பது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

"சிரிக்கட்டும். இதை விட்டிட்டு அனுப்புறதெண்டால் நான் ஒப்பம் வைக்கமாட்டன், தம்பி. நாங்கள் செய்ததை மூடி வைச்சுக்கொண்டு அவையள் செய்ததைக் கேட்டால், கேக்கிற வாய்க்கு என்ன மரியாதை?"

மாஸ்டர் சபையை விட்டு விலகுகிறேன் என்று சொல்லிக் குடையை விரித்தார். மழை பெய்யவில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. மீரா காக்காதான் அவரை வரம்பில் கூட்டிக்கொண்டு கொஞ்சத்தூரம் நடந்தார். என் கடைத் தராசில் பிழை இருந்தது, திருத்திவிட்டேன் என்று சொல்லுகிறவன் மற்றவன் தராசைப் பற்றிச் சொன்னால் சனம் நம்பும் என்று சொன்னாராம். திரும்பி வந்தபோது மாஸ்டரின் முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனால் பேனையை வாங்கி ஒப்பம் வைத்தார். 'கண்டிக்கிறோம்' என்ற சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்றார். அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

அறிக்கையை என் வடிவான எழுத்தில் படி எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். கொழும்பில் இருந்தும் பதில் இல்லை, டெல்லியில் இருந்தும் இல்லை. ஒரு பேப்பர் மட்டும் உட்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டது. 'கண்டிக்கிறோம்' என்பது கவலையாகியிருந்தது. ராக்கம்மா சொன்னதும் இல்லை, எங்கள் கழிவு வாய்க்காலும் இல்லை. அதைக் கண்டு மற்ற எல்லாரையும்விடக் கூடக் கொதித்தவர் நடராசா மாஸ்டர். அறிக்கையின் உயிரையே வெட்டிவிட்டான்கள் என்று மேசையில் குத்தினார். வட்டவிதானையாரின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

அடுத்த வெயில்காலச் சிறுபோகத்துக்கு முந்தி அவர் எங்களை மண்வெட்டியோடு கூப்பிட்டார். கணபதியண்ணையின் வயலோடு நின்ற வாய்க்காலைக் குடிசைகள் வரைக்கும் வெட்டி நீட்டினோம். அவர்கள் கத்தரியும் மிளகாயும் வைக்க ஒரு துண்டு நிலத்தைத் துப்புரவாக்கினோம். இந்த முறை எங்கே வெட்டுவது என்று ராக்கம்மாதான் தடியால் கோடு கீறிக் காட்டினாள். நீர்ப்பாசன ஓவசியர் வந்து, ஆரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று சத்தம் போட்டார். கேட்கவேண்டிய ஆளைக் கேட்டுத்தான் வெட்டினோம் என்று வட்டவிதானையார் அவருக்குப் பின்னால் நின்ற ஜீப்புக்குச் சொன்னார்.

கணபதியண்ணைக்குத்தான் மனவருத்தம். கடைசி வயல்காரன் என்ற பட்டம் பறிபோய்விட்டது. தண்ணிக் கூட்டத்தில் பழக்க தோஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பி, நினைவு வந்து திரும்ப இருந்தார். ராக்கம்மா அன்றைக்குத் தண்ணி வந்தா நல்லதுங்க என்று மட்டும் சொன்னாள். அடுத்த போகத்தில் கொஞ்சம் கூடக் கதைத்தாள். அதற்கடுத்ததில் அவளை இருத்துவதே பெரும்பாடாய்ப் போயிற்று. கணபதியண்ணை அவள் ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்க இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. ஆனால் குடித்தார்.

தண்ணீர் திறந்தால் கூவுவதும் இப்போது அவள்தான். அவள் 'வந்திட்டுது' என்று கூவவில்லை, தன் பேச்சில் 'வந்திருச்சு' என்று கூவினாள். முதல்தடவை பக்கத்து வயல்காரர் அதை நெளித்துப் பகிடிக்குத் திருப்பிக் கூவினார். அடுத்தவரும் அப்படியே கூவினார். பகிடி துருசடி வரைக்கும் ஏறிப் போனது. பிறகு பிறகு பகிடி மறந்துபோய்ச் சொல் மட்டும் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தார் நிறைந்த எங்கள் வாய்க்கால் முழுக்க வயலுக்கு வயல் 'வந்திருச்சு' என்று கூவியது. வெளியூர் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

வட்டவிதானையாரின் மனைவி இன்னொரு சங்கதி சொன்னா. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் சாப்பாட்டுக்கு இருக்காமல் குசினி வாசலில் வந்து நின்று, இண்டைக்கு நீர் முதல் சாப்பிடும் என்றாராம். "எனக்குப் பயமாய்ப் போச்சுது ரீச்சர், ஆளுக்குக் காய்ச்சலோ எண்டு நெற்றியைத் தொட்டுப் பாத்தன்" என்றா. சாப்பிட்டீங்களோ என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்று சொல்லும்போது அவாவின் கண் கலங்கியது.

அறுபதுகளின் கடைசியில் ராக்கம்மா குடும்பத்துக்குக் கடுதாசி வந்தது. அவர்களுக்கு விழுந்தது இந்தியா. நாங்கள் திரும்பவும் எழுதினோம். மாஸ்டர் கொழும்புக்கே போய் வந்தார். வட்டவிதானையார் கச்சேரியில் ஒரு நாள் முழுக்க மண்வெட்டியோடு நின்றார், காவலாளி உள்ளே விடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. யாரும் எழும்பச் சொல்லக்கூடாது என்று கேட்டவளை எழும்பச் சொல்லிவிட்டார்கள்.

கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு எல்லாரும் போனோம். மதவாச்சியில் இறங்கி, தலைமன்னார் ரயில் ஏறிக் கப்பலுக்குப் போகவேண்டும். பெட்டிகளும் பானைகளும் ஏற்றியாகிவிட்டது. கணபதியண்ணை மிளகாய்ச் செத்தல் ஒரு பை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணித் தாங்கியடியில் போய் நின்றார். ராக்கம்மா யன்னலில் இருந்து வட்டவிதானையாரைக் கூப்பிட்டாள்.

"நீங்க கேட்டீங்க ஐயா. வேற யாரும் கேக்கல. ஆனா நீங்க கேட்டது போதலீங்க."

"ஓம் பிள்ளை, போதேல்லை" என்றார் அவர்.  ரயில் போன பிறகும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவரை மீரா காக்காதான் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதற்கடுத்த சிறுபோகத்தில் தண்ணீர் திறந்த நாள் எனக்கு நல்ல நினைவு. குடிசைகள் சரிந்து, கத்தரித் தோட்டத்தில் புல் மண்டிக் கிடந்தது. காலையில் துருசு திறந்தார்கள். வெயில் ஏறிய நேரம் கீழே இருந்து குரல் வந்தது. வந்திருச்சு, வந்திருச்சு என்று வயலுக்கு வயல் ஏறி வந்தது. என் வாயும் தன்பாட்டில் அதைத்தான் கூவியது. எங்கள் மடைப் பலகையைத் தூக்கிவிட்டு, ஏதோ நினைப்பில் வாய்க்கால் கரையோடு துருசடிக்கு நடந்தேன்.

வட்டவிதானையார் துருசுக் கட்டின் மேல் இருந்தார். மண்வெட்டி மடியில் குறுக்காகக் கிடந்தது. வழியில் எல்லா மடைகளும் திறந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவருடைய பலகை மட்டும் மூடியபடி இருந்தது. வயல் வெடித்துக் கிடந்தது.

"எல்லாரும் திறந்தாச்சு. நீங்கள் இன்னும் திறக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஆர் பிள்ளை கூவினது?"

"கணபதியண்ணை."

"கணபதி கடைசி இல்லையே" என்றார்.

கட்டை விட்டு எழும்பவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. எனக்குப் பின்னால், வாய்க்கால் போய் முடிகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் திரும்பிப் பார்த்தேன்.